காற்றடிக்கும் கடற்பரப்பைக் கணினியில் உருவாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேடார், சோனார், செயற்கைக்கோள் தொலையுணர்வு, கப்பல் வடிவமைப்பு, அனிமேஷன் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு நேரத்தில் "முதலில் ஒரு கடலை உருவாக்கு" என்ற வேலை வந்து நிற்கும். முப்பது நாற்பது வரியில் ப்ரோகிராம் எழுதிவிடலாம். படமும் கடல் மாதிரியே வரும். தொந்தரவு அதற்கு அப்புறம்தான். ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களும் இந்தத் துறைக்குப் புதிதாக வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சூத்திரங்களைச் சொற்களாகவே எழுதியிருக்கிறேன். பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் வசதி.

கடல் இயற்பியல் விதிகளுக்குக் கட்டுப்பட்டதுதானே? அதை ஏன் ரேண்டம் என்கிறோம்?

கட்டுப்பட்டதுதான். ஆனால் இந்த நொடியில் எந்த முகடு எங்கே நிற்கிறது என்பது யாருக்கும் தெரியாது. பெரும்பாலான வேலைகளுக்குத் தெரியவும் வேண்டாம். ஒரு புள்ளியின் நீர்மட்டம் என்பது பல இடங்களில் பிறந்து, பல திசைகளிலிருந்து வந்து சேர்ந்த ஏராளமான அலைகளின் கூட்டுத்தொகை. ஒன்றையொன்று சாராத சிறு பங்குகளை நிறையக் கூட்டினால் மணி வடிவப் பரவல், அதாவது காஸியன் பரவல் கிடைக்கும். கடலின் நீர்மட்டம் இதற்கு நன்றாகவே நெருங்கி வருகிறது. அகட்டிலிருந்து முகடு வரை அளந்த அலை உயரங்கள் ரேலே பரவலைப் பின்பற்றும் என்று 1952இல் லாங்கெட்-ஹிக்கின்ஸ் காட்டினார்.

கூடவே ஒரு அளவையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஹெச்.எஸ். உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி உயரம் இது. இரண்டாம் உலகப் போரில் படைகளைக் கரையிறக்குவதற்காக அலைகளைக் கணித்த ஸ்வெர்ட்ரப்பும் மங்க்கும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. இன்று பெரும்பாலும் நீர்மட்டத்தின் திட்டவிலக்கத்தை 4ஆல் பெருக்கி ஹெச்.எஸ். என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஸ்பெக்ட்ரம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது?

மளிகைக் கடையின் மாதக் கணக்கில் அரிசிக்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு என்று இருக்கும். எந்த நாளில் வாங்கினீர்கள் என்பது இருக்காது. அலை ஸ்பெக்ட்ரமும் அப்படித்தான். எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஆற்றல் என்பது இருக்கும். எந்த முகடு எங்கே என்ற தகவல், அதாவது ஃபேஸ், இருக்காது. அந்தத் தகவலைத்தான் ரேண்டம் எண்களால் நாம் நிரப்புகிறோம்.

எந்த ஸ்பெக்ட்ரத்தை எடுத்துக்கொள்வது?

மூன்று பெயர்கள் அடிக்கடி காதில் விழும்.

பியர்சன்–மாஸ்கோவிட்ஸ், 1964. வட அட்லாண்டிக்கில் நின்ற பிரிட்டிஷ் வானிலைக் கப்பல்களின் பதிவுகளிலிருந்து வந்தது. காற்று நெடுந்தூரம், நெடுநேரம் சீராக வீசி, இனிமேல் கடல் வளராது என்ற நிலையைக் குறிக்கிறது. உள்ளீடு ஒன்றே ஒன்றுதான்: 19.5 மீட்டர் உயரத்தில் காற்றின் வேகம். அந்தக் கப்பல்களில் காற்றுமானி அந்த உயரத்தில் இருந்ததால் வந்த எண் இது. வேகம் விநாடிக்கு 10 மீட்டர் என்றால் ஹெச்.எஸ். சுமார் 2.1 மீட்டர், ஆற்றல் உச்சத்தில் இருக்கும் அலைக்கு நீளம் 83 மீட்டர், காலம் 7.3 விநாடி. காற்று இரட்டிப்பானால் ஹெச்.எஸ்., அலைநீளம் இரண்டுமே நான்கு மடங்காகும்.

ஜோன்ஸ்வாப், 1973. ஜெர்மனியின் சில்ட் தீவிலிருந்து வட கடலுக்குள் 160 கிலோமீட்டர் நீளத்துக்குக் கருவிகளை வரிசையாக வைத்து 1968, 69 ஆண்டுகளில் அளந்தார்கள். இது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் கடல். அதனால் ஸ்பெக்ட்ரத்தின் உச்சி கூராக, சராசரியாக 3.3 மடங்கு தூக்கலாக இருக்கும். கடலோரக் கட்டுமானங்கள், எண்ணெய்த் தளங்கள் எல்லாவற்றிலும் இதுதான் ஓடுகிறது.

எல்ஃபூஹைலியும் கூட்டாளிகளும், 1997. நூறு மீட்டர் அலையிலிருந்து சில மில்லிமீட்டர் சிற்றலை வரை ஒரே சூத்திரத்தில் கொண்டுவரும் முயற்சி.

கப்பல் ஆடுவதைப் பார்க்க முதல் இரண்டில் எதுவும் போதும். ரேடார், சூரிய ஒளிப் பிரதிபலிப்பு என்று போனால் மூன்றாவதுக்கே போய்விடுங்கள். காரணம் கீழே, சரிவு பற்றிய கேள்வியில்.

சரி, எப்படி உருவாக்குவது?

2 பையை ஒரு அலையின் நீளத்தால் வகுத்தால் வருவது அதன் அலையெண். நீங்கள் வைத்திருக்கும் பரப்பின் நீளத்தால் 2 பையை வகுத்தால் அலையெண்களின் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில் வரும் ஒவ்வொரு அலையெண்ணுக்கும் ஸ்பெக்ட்ரத்தின் மதிப்பை எடுங்கள். அதை இடைவெளியால் பெருக்கினால் அந்த அலையின் பங்கு, அதாவது வேரியன்ஸ் (திட்டவிலக்கத்தின் வர்க்கம்), கிடைக்கும். அதன் வர்க்கமூலத்தைக் காஸியன் ரேண்டம் எண்கள் இரண்டால், மெய்ப்பகுதிக்கு ஒன்று, கற்பனைப் பகுதிக்கு ஒன்று, பெருக்குங்கள். எதிர் அலையெண்ணில் அதன் இணைச் சிக்கலெண்ணை வையுங்கள். இல்லாவிட்டால் நீர்மட்டம் மெய்யெண்ணாக வராது. கடைசியில் நேர்மாறு எஃப்.எஃப்.டி. (வேக ஃபூரியர் மாற்றம், அலைகளை எல்லாம் ஒரேயடியாகக் கூட்டித் தரும் கணக்குமுறை). அவ்வளவுதான்.

1965இல் கூலியும் டூக்கியும் எஃப்.எஃப்.டி.யை வெளியிட்டதற்குப் பிறகுதான் இது சாதாரண வேலையானது. அலைகளை ஒவ்வொன்றாகக் கூட்டினால் பத்து லட்சம் புள்ளிகளுக்கு லட்சம் கோடிக் கணக்குகள் ஆகும், எஃப்.எஃப்.டி.யில் சில கோடிகளில் முடிந்துவிடும்.

வீச்சையும் ரேண்டமாக்க வேண்டுமா, ஃபேஸை மட்டும் மாற்றினால் போதாதா?

ஃபேஸ் மட்டும் என்றால் ஒவ்வொரு முறையும் ஹெச்.எஸ். அச்சு அசலாக ஒரே மாதிரி வரும். பார்க்க அழகு, ஆனால் உண்மைக் கடலில் இருபது நிமிடப் பதிவுக்கு இருபது நிமிடப் பதிவு ஹெச்.எஸ். கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டம் உங்கள் கணக்குக்கு முக்கியம் என்றால் வீச்சையும் ரேண்டமாக்குங்கள்.

படம் நன்றாக இருக்கிறது, ஹெச்.எஸ். மட்டும் தப்பாக வருகிறது. ஏன்?

எத்தனை மடங்கு தப்பு என்று பாருங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது. 1.4 மடங்கு என்றால் ஒருபக்க ஸ்பெக்ட்ரத்தையும் (நேர் அலையெண்கள் மட்டும்) இருபக்க ஸ்பெக்ட்ரத்தையும் (எதிர் அலையெண்களும் சேர்த்து) குழப்பியிருக்கிறீர்கள்: 2இன் வர்க்கமூலம். 2.5 மடங்கு என்றால் ஹெர்ட்ஸுக்கும் ரேடியனுக்கும் இடையே எங்கோ 2 பை தவறியிருக்கிறது. அதன் வர்க்கமூலம் 2.5. புள்ளிகளின் எண்ணிக்கையை மாற்றினால் ஹெச்.எஸ்.ஸும் கூடவே மாறுகிறதா? எஃப்.எஃப்.டி. நூலகம் எண்ணிக்கையால் வகுக்கிறதா இல்லையா என்று பாருங்கள். மேட்லேபும் நம்பையும் நேர்மாறு மாற்றத்தில் வகுக்கும், சி மொழியில் பலர் பயன்படுத்தும் எஃப்.எஃப்.டி.டபிள்யூ. வகுக்காது.

மடங்கு ஒழுங்காக வராமல் ஸ்பெக்ட்ரத்தின் வடிவமே மாறிப்போயிருந்தால், அதிர்வெண்ணிலிருந்து அலையெண்ணுக்கு மாறும்போது வகைக்கெழுவைப் பெருக்க மறந்திருப்பீர்கள். இருபரிமாணத்தில் இன்னொன்றும் உண்டு: எந்தத் திசைக்கு எவ்வளவு ஆற்றல் என்று சொல்லும் திசைப்பரவலோடு சேர்க்கும்போது அலையெண்ணால் ஒருமுறை வகுக்க வேண்டும்.

பரப்பு எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும்?

உச்ச அலையைப் போலப் பத்து மடங்காவது. 10 மீட்டர் வேகக் காற்றுக்கு 83 மீட்டர் அலை என்றால் ஒரு கிலோமீட்டர் பரப்பு. 100 மீட்டரில் சுருக்கினால் ஸ்பெக்ட்ரத்தின் உச்சிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு அலைதான் மாட்டும்; மொத்த ஆற்றலும் அந்த ஒரு ரேண்டம் எண்ணின் கையில் போய்விடும்.

கிரிட் இடைவெளி, அதாவது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம், எவ்வளவு இருக்கலாம்? ஹெச்.எஸ். சரியாக வருகிறதே, அது போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நீர்மட்டத்தின் வேரியன்ஸ் நீண்ட அலைகளிலிருந்து வருகிறது. சரிவு அப்படியல்ல. சரிவைக் கணக்கிடும்போது ஸ்பெக்ட்ரத்தை அலையெண்ணின் வர்க்கத்தால் பெருக்குகிறோம். பியர்சன்–மாஸ்கோவிட்ஸ் ஸ்பெக்ட்ரம் பெரிய அலையெண்களில் அலையெண்ணின் கனத்துக்கு எதிர்விகிதமாகக் குறைகிறது. வர்க்கத்தால் பெருக்கினால் அலையெண்ணுக்கு எதிர்விகிதமான ஒன்று மிஞ்சும். அதைத் தொகையிட்டால் மடக்கை. மடக்கைக்கு முடிவு கிடையாது. கிரிட் எங்கே வெட்டுகிறதோ அங்கேதான் நிற்கும். ஆக, கடல் எவ்வளவு சொரசொரப்பு என்பதைக் காற்று முடிவுசெய்யவில்லை, உங்கள் கிரிட் முடிவுசெய்கிறது.

10 மீட்டர் வேகக் காற்றுக்கு எண்களைப் போட்டுப் பார்ப்போம். கிரிட் இடைவெளி 1 மீட்டர் என்றால் சரிவின் வர்க்கச் சராசரி 0.0135. 10 சென்டிமீட்டர் என்றால் 0.0228. 1 சென்டிமீட்டர் என்றால் 0.0321. கோணமாகச் சொன்னால் 6.6 பாகை, 8.6 பாகை, 10.2 பாகை. இந்த மூன்று பரப்புகளுக்கும் ஹெச்.எஸ். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை! ஹெச்.எஸ்.ஸை மட்டும் சரிபார்த்தால் மூன்றும் "சரி" என்றே வரும்.

உண்மையில் எவ்வளவு இருக்க வேண்டும்? 1951இல் காக்ஸும் மங்க்கும் ஹவாய் அருகே விமானத்திலிருந்து கடலில் சூரியன் மினுங்கும் பரப்பைப் படமெடுத்தார்கள். மினுக்கம் எவ்வளவு அகலமாகப் பரவுகிறதோ அவ்வளவு சரிவு. 1954இல் அவர்கள் வெளியிட்ட விதி இன்றும் புழக்கத்தில் உள்ளது: காற்றின் வேகத்தை 0.00512ஆல் பெருக்கி 0.003ஐக் கூட்ட வேண்டும். 10 மீட்டருக்கு 0.054 வருகிறது, அதாவது 13 பாகை. காற்றை அவர்கள் எடுத்துக்கொண்ட உயரம் 12.5 மீட்டர் என்பதால் சில சதவீதம் வித்தியாசம் வரலாம். அதனால் முடிவு மாறப்போவதில்லை. ஒரு சென்டிமீட்டர் கிரிட்டிலும் நாம் உண்மைச் சரிவில் அறுபது சதவீதத்தைத்தான் தொட்டிருக்கிறோம்.

அதே ஆய்வில் அவர்கள் கடலில் எண்ணெயை ஊற்றியும் பார்த்தார்கள். எண்ணெய்ப் படலம் சிற்றலைகளை அடக்கிவிடும், பெரிய அலைகளை ஒன்றும் செய்யாது. சரிவின் வர்க்கச் சராசரி பாதிக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட அளவுக்கு இறங்கியது. சரிவு எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

கிரிட்டைப் பொடியாக்கிக்கொண்டே போய் 0.054ஐப் பிடித்துவிடலாமே என்று தோன்றும். கணக்குப்படி இடைவெளி 0.05 மில்லிமீட்டருக்கும் கீழே போக வேண்டும். அந்த அளவில் தண்ணீரின் பிசுபிசுப்பு அலையை விழுங்கிவிடும், சூத்திரத்துக்கே அங்கே அர்த்தமில்லை. சிற்றலைப் பகுதியைத் தனியாகக் கவனித்து எழுதிய ஸ்பெக்ட்ரம் வேண்டும் என்று மேலே சொன்னது இதனால்தான்.

அப்படியானால் ஒரு கிலோமீட்டர் பரப்பை மில்லிமீட்டர் கிரிட்டில் போட்டுவிடலாமா?

மில்லிமீட்டரை விடுங்கள், சென்டிமீட்டருக்கே பார்ப்போம். நீளம், அகலம் இரண்டிலும் ஒரு லட்சம் புள்ளிகள், மொத்தம் 1,000 கோடி. புள்ளிக்கு 8 பைட் வைத்தால் 80 ஜிகாபைட். சிக்கலெண் என்றால் 160. பெரிய சர்வரில் சமாளிக்கலாம். ஆனால் அந்தப் பரப்பில் மின்காந்த அலை எப்படிச் சிதறுகிறது என்று மொமென்ட் முறையில் (எல்லாப் புள்ளிகளையும் ஒரே பெரிய அணிச் சமன்பாட்டில் கோக்கும் முறை) தீர்க்கப் போனால் அணியின் அளவு எண்ணிக்கையின் வர்க்கம். ஒருபரிமாணக் கோட்டுக்கே, ஒரு லட்சம் புள்ளிகளுக்கு, 160 ஜிகாபைட். இருபரிமாணத்துக்குப் பேச்சே இல்லை.

அதனால்தான் இரட்டை அளவு மாதிரி. நீண்ட அலைகளைச் சாய்ந்த தகடுகளாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தகட்டின் மேலும் சிற்றலைகளின் சிதறலைச் சூத்திரத்தால் போடுவார்கள். இரண்டையும் எங்கே பிரிப்பது என்பதுதான் தகராறு. பிரிக்கும் இடத்தை நகர்த்தினால் விடையும் நகரும். 1985இல் வோரோனோவிச் கொண்டுவந்த சிறு சரிவுத் தோராயம் இந்தப் பிரிவினையையே தவிர்க்கிறது. கற்கக் கொஞ்சம் கடினம், ஆனால் வேலை அதிகம் இருக்கிறவர்கள் நேராக அங்கேயே போகலாம்.

ரேடார் எந்த அலையைப் பார்க்கிறது?

சாய்வாகப் பார்க்கும்போது, தன் அலைநீளத்தோடு ஒத்திசையும் ஒரே ஒரு அலைநீளத்தை. ரேடார் அலைநீளத்தை, விழும் கோணத்தின் (செங்குத்திலிருந்து அளந்தது) சைன் மதிப்பின் இரு மடங்கால் வகுத்தால் அது கிடைக்கும். 1955இல் குரோம்பி 13.56 மெகாஹெர்ட்ஸில் இதைக் கண்டார்: ரேடாரின் அலை 22 மீட்டர், எதிரொலி தந்த கடலலை 11 மீட்டர். கல்பாக்கத்திலும் கடலூரிலும் நீரோட்டத்தை அளக்க வைத்திருக்கும் கரையோர ரேடார்களின் அடிப்படையும் இதுதான்.

இஸ்ரோ முன்பு இயக்கிய ஸ்கேட்சாட்-1 போன்ற, கடல் காற்றை அளக்கும் செயற்கைக்கோள்களில் அலைநீளம் 2.2 சென்டிமீட்டர், கோணம் சுமார் 50 பாகை. அவற்றுக்கு எதிரொலி தருவது ஒன்றரை சென்டிமீட்டர் சிற்றலை. புயல் நேரத்தில் கடல்மேல் காற்று எவ்வளவு என்று அங்கிருந்து வரும் எண், விரல் அகலச் சிற்றலைகளைப் பார்த்துச் சொன்னது. உங்கள் கிரிட்டில் அந்தச் சிற்றலை இல்லையென்றால் ரேடாருக்கு உங்கள் கடல் ஏறக்குறைய கண்ணாடி.

நேரம் போதவில்லை. ஒருபரிமாணப் பரப்பே போதுமா?

முறையைக் கற்கப் போதும். ஆனால் திசை சேராத மொத்த ஸ்பெக்ட்ரத்தை எடுத்து ஒரு கோட்டில் போட்டுவிட்டு, இருபரிமாணக் கடலின் வெட்டுமுகம் இது என்று சொல்லாதீர்கள். வெட்டுமுகத்தின் ஸ்பெக்ட்ரம் வேறு. மொத்தச் சரிவையும் ஒரே திசையில் திணித்ததாகிவிடும். காக்ஸ்–மங்க் அளவீட்டில் காற்றின் திசைச் சரிவும் குறுக்குச் சரிவும் தனித்தனியாக இருந்து, குறுக்குச் சரிவும் கணிசமாகவே வந்தது.

பரப்பின் ஓரங்களை என்ன செய்வது?

எஃப்.எஃப்.டி. தரும் பரப்பு வலது ஓரத்தில் முடிந்து இடது ஓரத்தில் தொடரும். அனிமேஷனுக்கு அது வரம். ஒரு துண்டைச் செய்து தரை ஓடு போல் அடுக்கலாம். சிதறல் கணக்கிலோ பரப்பு சட்டென்று முடியும் இடத்தில் பொய்யான எதிரொலி வரும். ஓரங்களில் மெல்ல மங்கும் படுகதிரை 1988இல் தோர்சோஸ் பயன்படுத்தினார். இன்றும் வழக்கம் அதுதான். மிகத் தாழ்வான கோணத்தில் கதிர் படும்போது மட்டும் அந்த மங்கல் போதாமல் போகும், பரப்பை நீளமாக்க வேண்டும்.

கடலை ஓடவிடுவது எப்படி?

ஒவ்வொரு அலையின் ஃபேஸையும் அதனதன் அதிர்வெண்ணில் சுழற்றுங்கள். ஆழ்கடலில் கோண அதிர்வெண்ணின் வர்க்கம், புவியீர்ப்பு முடுக்கம் பெருக்கல் அலையெண். சிற்றலைகளுக்குப் பரப்பு இழுவிசையையும் சேர்க்க வேண்டும். இரண்டும் சேர்வதால் ஒரு வேடிக்கை: 1.7 சென்டிமீட்டர் அலைதான் எல்லாவற்றிலும் மெதுவானது, விநாடிக்கு 23 சென்டிமீட்டர். அதைவிடச் சிறியதும் வேகம், பெரியதும் வேகம்.

அலைகள் நகராமல் அதே இடத்தில் ஏறி இறங்குகின்றனவா? எதிரெதிர்த் திசைகளுக்குச் சமமான ஆற்றலைக் கொடுத்திருக்கிறீர்கள். காற்றுக்கு எதிர்ப்பக்கத்தைக் குறையுங்கள்.

உண்மைக் கடலில் முகடு கூராகவும் அகடு தட்டையாகவும் இருக்கிறதே?

ஆமாம். இதுவரை பார்த்தது, அலைகளை வெறுமனே கூட்டும் நேரியல் மாதிரி. அதில் கடலைத் தலைகீழாகப் பிடித்தாலும் புள்ளியியல் மாறாது. உண்மைக் கடல் அப்படியில்லை. எளிய வழி, புள்ளிகளைக் கிடைமட்டத்திலும் முகட்டை நோக்கி நகர்த்துவது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெர்ஸ்ட்னர் எழுதிய தீர்விலிருந்து வந்த யோசனை. 1989இல் வெளியான கிரீமர் மாற்றம் இதை இன்னும் ஒழுங்காகச் செய்கிறது. இன்னும் வேண்டுமென்றால், அலைகள் ஒன்றையொன்று பாதிப்பதையும் கணக்கில் எடுக்கும் உயர்வரிசை ஸ்பெக்ட்ரல் முறை இருக்கிறது.

1995 ஜனவரி 1 அன்று வட கடலின் ட்ராப்னர் தளத்தில் 25.6 மீட்டர் அலை பதிவானது, அப்போது ஹெச்.எஸ். சுமார் 12 மீட்டர். இப்படிப்பட்ட உச்ச அலைகளைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்றால் நேரியல் மாதிரியை நம்பி உட்காரக் கூடாது.

உடையும் அலையும் நுரையும் எந்த உயர வரைபடத்திலும் அடங்காது, ஒரு புள்ளிக்கு இரண்டு உயரம் வந்துவிடும். 10 மீட்டர் வேகக் காற்றில் நுரை மூடும் பரப்பு சுமார் ஒரு சதவீதம் என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். கடும் காற்றில் விட முடியாது.

இன்காய்ஸ் தரும் அலை முன்னறிவிப்பும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம்) போன்ற நிறுவனங்கள் ஓட்டும் வேவ்வாட்ச், ஸ்வான் வகை மாதிரிகள் முகடுகளைக் கணக்கிடுவதில்லை. கிலோமீட்டர் கணக்கில் அகலமான ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்பெக்ட்ரம் எப்படி வளர்கிறது, நகர்கிறது, தேய்கிறது என்பதைத்தான் கணக்கிடுகின்றன. அந்த ஸ்பெக்ட்ரத்தை வாங்கி உங்கள் ப்ரோகிராமில் போட்டால் அந்த இடத்துக்கு ஏற்ற ஒரு கடல் கிடைக்கும். காற்றின் வேகத்தை மட்டும் போடுவதைவிட இது நல்லது.

ஏனென்றால் கேரளக் கரையிலும் கன்னியாகுமரிப் பக்கமும் வரும் கள்ளக்கடலை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கே, இந்தியப் பெருங்கடலின் கோடியில் அடித்த புயலில் எழுந்த நீண்ட அலைகள், சில நாள் கழித்து, இங்கே காற்றே இல்லாதபோது வந்து மோதுகின்றன. உள்ளூர்க் காற்றை மட்டும் கேட்கும் பியர்சன்–மாஸ்கோவிட்ஸ் அன்றைக்குக் கடல் அமைதி என்றுதான் சொல்லும். தொலைவிலிருந்து வரும் அலைக்கு ஒரு குறுகிய உச்சியைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

எத்தனை கடல்களை உருவாக்கிச் சராசரி எடுப்பது?

ஒரே பரப்பிலிருந்து வந்த ரேடார் எதிரொலியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் எதிரொலியின் திறன் சராசரி அளவுக்கே ஆடும். சராசரியின் பிழை, எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதமாகக் குறையும்: 16 பரப்புகளுக்கு 25 சதவீதம், அதாவது சுமார் 1 டெசிபெல், 100 பரப்புகளுக்கு 10 சதவீதம், சுமார் 0.4 டெசிபெல். பெரும்பாலான ப்ராஜெக்ட்டுகளுக்கு நூறு போதும். ஒவ்வொன்றின் ரேண்டம் சீட் எண்ணையும் (ரேண்டம் எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்) முடிவுகளோடு சேர்த்துக் கோப்பில் எழுதுங்கள், 73ஆவது பரப்பில் மட்டும் விடை எகிறினால் அதை மட்டும் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம்.